அந்த எண் அடிக்கட்டும்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவ அலுவலர் அவர்களே, சுகாதார அதிகாரி அவர்களே, செவிலியர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், நம் தலைமைச் செவிலியர் அம்மாவின் கணவர், எங்கள் தையற்கார அண்ணன் அவர்களே, அவருடைய மகளே, இடம் போதாமல் வாசலிலும் ஜன்னலோரத்திலும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் இந்தச் சுகாதார நிலையத்தின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஓட்டுநர் சங்கத்துக்காக மேடை ஏறிப் பழகியவன்தான். ஆனால் இன்று துக்கத்தோடு மட்டும் இங்கே வந்து நிற்கவில்லை, கோபத்தோடும் நிற்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் தொடங்கியபோது ஒலிபெருக்கியில் என்ன சொன்னார்கள்? எல்லோரும் போனை அணைத்து வையுங்கள் என்றார்கள். யாருடைய இரங்கல் கூட்டத்தில் இதைச் சொல்கிறோம் என்று ஒருவராவது யோசித்தோமா? பதினோரு வருடம் தன் போனை ஒரு நிமிடம்கூட அணைக்காதவர் நம் தலைமைச் செவிலியர். ஊரே அவரை மிஸ்டுகால் அம்மா என்றுதான் கூப்பிட்டது. அந்தப் பெயரை அவரும் பெருமையாகத்தான் சுமந்தார்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வாசலில் நிற்பவர்களுக்குத் தெரியும். இங்கே முக்கால்வாசிப் பெண்களின் போனில் பேசக் காசு இருக்காது. மிஸ்டு கால் கொடுத்தால் இருக்கும் காசு குறையாது அல்லவா? அம்மா அதையே ஒரு மொழியாக்கினார். ஒரு மிஸ்டு கால் என்றால் மாதச் சோதனைக்கு வர முடியவில்லை, வீட்டுக்கு வாருங்கள். இரண்டு என்றால் வலி வந்துவிட்டது. அடுத்தடுத்து மூன்று என்றால் ரத்தம் போகிறது, வண்டியை அனுப்புங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் மூன்று வரை எண்ணத் தெரியும். இவ்வளவுதான் திட்டம்.

அவருடைய போனில் ஒருவர் பெயரும் இருக்காது. "செங்கல் சூளை, ரெண்டாவது பிள்ளை, ரத்தம் கம்மி." "பாலத்துக்கு அந்தப்பக்கம், சுகர், மாமியார் கொஞ்சம் ஒரு மாதிரி." இப்படித்தான் பதிந்து வைத்திருப்பார். ஏனம்மா பெயரைப் போடவில்லை என்று கேட்டதற்கு, போன் அடிக்கும்போது பெயரைப் பார்த்து என்ன செய்வது, என்ன மருந்து எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றல்லவா தெரிய வேண்டும் என்றார். என் எண்ணை எப்படிப் பதிந்திருந்தார் தெரியுமா? "வண்டி, திட்டினால் சீக்கிரம் வரும்."

திட்டு என்றால் சாதாரணத் திட்டா! வீட்டில் ஒரே போன், அதையும் புருஷன் வேலைக்கு எடுத்துப் போய்விடுவான். பெண்டாட்டி யாருக்கு மிஸ்டு கால் கொடுப்பாள்? அம்மா நேராக அவன் வேலை செய்யும் பட்டறைக்கே போய் நிற்பார். "ஒம்பதாவது மாசம் போன் அவளோடது. உனக்குப் பேசணும்னா பக்கத்து வீட்டுல போய்ப் பேசிக்கோ." இந்த மண்டபத்தில் இருக்கும் ஆண்களில் எத்தனை பேர் அந்தத் திட்டை வாங்கியவர்கள்? கையைத் தூக்க வேண்டாம், முகத்திலேயே தெரிகிறது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் மேலிடத்தில் ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. கர்ப்பிணிகள் கூப்பிடும் எண்ணை யாரும் எடுப்பதே இல்லையாமே, கூப்பிடுகிறவர்களுக்கு மரியாதை வேண்டாமா என்று அம்மாவின் எண்ணில் தானாக எடுத்துப் பேசும் இயந்திரத்தைப் பொருத்தினார்கள். முதல் ரிங்கிலேயே அது எடுத்துவிடும், அழைப்பு அம்மாவின் கைக்கு வராது. வணக்கம் சொல்லும். கீரை சாப்பிடுங்கள், நன்றாக ஓய்வெடுங்கள் என்று இனிமையான குரலில் சொல்லும். எடுக்காமல் விடுவதுதான் இந்த எண்ணின் வேலை என்று அம்மா எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். அதற்கும் பதில் இல்லை.

இரண்டாவது கடிதம் போன வாரமே, காலை பதினோரு மணிக்கு, செங்கல் சூளைப் பெண்ணுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. நான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்தேன் ஐயா, சும்மா! பத்து நிமிட தூரம். மாலையில் யாரோ மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாயைக் காப்பாற்றினோம். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. கண் விழித்ததும் அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நான் கதவருகில் நின்று கேட்டேன்.

"நான் ஒழுங்காத்தான் போட்டேன்மா. முதல் ரெண்டு தடவையும் யாரோ எடுத்துக் கீரை சாப்பிடச் சொன்னாங்க. மூணாவது தடவை போடறதுக்குள்ள காசு தீந்துபோச்சு."

மறுநாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு பெரிய அலுவலகத்துக்குப் போனார். அப்போதிருந்த அதிகாரி பதினைந்து பக்க அறிக்கையை எடுத்து வைத்தார். பதிலளிக்கப்பட்ட அழைப்புகள் நூற்றுக்கு நூறு என்று அதில் இருந்தது. அம்மா அதைத் திறக்கவே இல்லை. தன் போனை மேசையில் வைத்தார். "சார், உங்க போன்ல இருந்து எனக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் குடுங்க, போதும்" என்றார். அதிகாரி போட்டார். இயந்திரம் எடுத்து வணக்கம் சொன்னது. சட்டென்று துண்டித்து மறுபடி போட்டார். மறுபடியும் வணக்கம். ஐந்து முறை முயன்றார். அவ்வளவு படித்த மனிதரால் ஒரு மிஸ்டு கால் கொடுக்க முடியவில்லை. அன்று மாலையே இயந்திரத்தைக் கழற்றினார்கள். ஆனால் அந்தப் பிள்ளை?

இவ்வளவு பேருடைய ரத்த அளவை மனப்பாடமாக வைத்திருந்தவர், தன் நெஞ்சுவலியை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட உட்கார்ந்தாராம், உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாராம். வண்டி வாசலில்தான் நின்றது. நான் வண்டிக்குள்தான் இருந்தேன். எங்களுக்கு ஒரு மிஸ்டு கால்கூடக் கொடுக்காமல் போய்விட்டீர்களே அம்மா! இதற்காக உங்கள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. நீங்கள் திட்டியதற்கெல்லாம் சேர்த்து இன்று நான் திட்டுகிறேன்.

அதைவிடப் பெரிய கோபம் இன்றைக்குத்தான் வந்தது. எனக்கு முன்னால் பேசிய அதிகாரி அவர்கள் ஓர் அறிவிப்பைச் செய்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அம்மாவின் எண்ணில் அவருடைய பெயராலேயே நினைவுக் குரல் சேவை தொடங்கப்படுமாம். யார் கூப்பிட்டாலும் உடனே எடுத்து ஆலோசனை சொல்லுமாம். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். வாசலில் ஒருவரும் தட்டவில்லை, கவனித்தீர்களா?

ஐயா, நீங்கள் புதிதாக வந்தவர். உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் அவரை எது அழவைத்ததோ, அதற்கே அவர் பெயரை வைக்கப் பார்க்கிறீர்கள். அவருக்குச் சிலை வேண்டாம். அவர் பெயரில் கட்டடம் வேண்டாம். அவர் எண்ணைத் தொடாமல் விட்டால் போதும். அது அடிக்கட்டும். யாரும் எடுக்க வேண்டாம். எண்ணுவதற்கு நாங்கள் இருக்கிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். இளைய செவிலியர், மருந்தாளுநர், நான். முறை வைத்து அந்தப் போனைச் சுமக்கப் போகிறோம். அம்மாவின் சீருடையில் போனுக்கென்று உள்பை தைத்துக் கொடுத்தவர் தையற்கார அண்ணன். நேற்று அவரே வந்து என் சட்டையை வாங்கிப் போனார். காலையில் திரும்பக் கொடுத்தபோது உள்ளே அதே மாதிரி ஒரு பை இருந்தது. இந்த எண் என் சட்டையில் இருக்கும்வரை எந்த இயந்திரமும் அதை எடுக்காது என்று அந்த அண்ணன் முன்னால் உறுதி சொல்கிறேன்.

அடுத்து இரண்டு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எழுந்து நிற்போம். உங்கள் போன்களை அணைத்தே வையுங்கள், சரி. என் சட்டைக்குள் இருக்கும் அம்மாவின் போன் மட்டும் அணையாது. நடுவில் அது அடித்தால் யாரும் கோபப்படாதீர்கள், என்னைப் பார்க்காதீர்கள், எண்ணுங்கள். ஒன்று. இரண்டு. மூன்றாவது முறையும் அடித்தால், வாசலில் நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.