இரவல் கட்டில்

குடும்ப நீதிமன்றத்தில் மனுதாரர் நேரில் அளித்த வாக்குமூலம். பெயரும் முகவரியும் மனுவில் உள்ளபடி. வயது இருபத்து நான்கு. தொழில், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது.

நான் மேற்படி முகவரியில் மாடியில் உள்ள ஒற்றை அறையில், பதினொரு வயதுத் தங்கையுடனும் ஏழு வயதுத் தம்பியுடனும் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். எங்கள் தாய் தந்தை இருவரும் சென்ற ஆண்டு பேருந்து விபத்தில் இறந்துவிட்டார்கள். அன்று முதல் பிள்ளைகளுக்குச் சமைப்பது, துவைப்பது, பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் நான்தான். தங்கைக்கு இரட்டைச் சடை பின்னக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது. இப்போதும் இடது சடை கொஞ்சம் மேலே ஏறித்தான் நிற்கும். இருவரையும் சட்டப்படி என் பொறுப்பில் விடக் கோரி மனு செய்தேன். அதன் பிறகு எங்கள் சித்தப்பா, "பையனை நான் வளர்த்துக்கறேன், பொண்ணை ஹாஸ்டல்ல போட்டுடலாம்" என்று சொல்லி எதிர்மனு போட்டார்.

சென்ற மாதம் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்குக் குழந்தைகள் நல அதிகாரி அம்மா வீட்டைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. முந்தைய நாள் வேலைக்குப் போகாமல், மிச்சம் மீதி பெயிண்டை வைத்து அறைக்கு அடித்தேன். ஒரே நிறம் போதாததால் நான்கு சுவருக்கும் நான்கு நிறம் ஆகிவிட்டது. கட்டில் இல்லாத வீட்டில் பிள்ளைகளை விடமாட்டார்கள் என்று உடன் வேலை செய்பவர் சொல்லியிருந்தார். நாங்கள் மூவரும் பாயில்தான் படுக்கிறோம். ஆகவே கீழ்வீட்டுத் தையல்காரரிடம் அவருடைய கட்டிலை ஒரு நாளைக்கு இரவல் கேட்டு, அவரும் நானுமாக மாடிக்குத் தூக்கி வந்தோம். அதன் பிறகு, யார் கேட்டாலும் கட்டிலில் படுப்பதாகச் சொல்லும்படி பிள்ளைகளிடம் சொல்லி வைத்தேன்.

அதிகாரி அம்மா கட்டிலில் உட்கார்ந்து, தங்கையிடம் எங்கே படுப்பாய் என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல், "கட்டில்ல" என்றாள். உடனே தம்பி, "அது தையல்கார மாமா கட்டில். அவருக்கு முதுகு வலி, சீக்கிரம் திருப்பிக் குடுக்கணும். நீங்க எப்பப் போவீங்க?" என்றான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு எட்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. அதிகாரி அம்மா சிரித்தார், சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். நான் ஏமாற்ற முயன்றதாக அவர் அறிக்கையில் கண்டிருப்பதை மறுக்கவில்லை.

அவர் போன பிறகு தம்பி, "தப்பா சொல்லிட்டேனாண்ணே?" என்றான். "இல்லடா, நீ சரியாத்தான் சொன்னே. தப்பு அண்ணன் மேல" என்றேன். தங்கை மதியம் சாப்பிடவில்லை. காரணம் கேட்டதற்கு, "நான் பொய் சொன்னதால எங்களைப் பிரிச்சிடுவாங்களா?" என்றாள். விபத்துச் செய்தி வந்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை.

சித்தப்பா வீட்டில் வசதி அதிகம் என்பது உண்மை. பொய் சொல்லச் சொன்னது நான். அதற்கு அபராதமோ சிறையோ, எதுவானாலும் என் பெயரில் எழுதிக்கொள்ளவும். பிள்ளைகளைப் பிரித்தால், தண்டனை எனக்கு வந்ததாக ஆகாது. அந்தப் பெண்ணுக்குத்தான் வரும். தன்னால்தான் தம்பி போனான் என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொள்வாள்.

எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. கூட்டியோ குறைத்தோ எதுவும் சொல்லவில்லை.

(ஒப்பம்)
பிள்ளைகளின் அண்ணன்