ஹெலிகாப்டரை நகர்த்த வாங்கிய மேடை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, கழுத்து மாலையின் எடையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் மீட்புக் குழுத் தலைவர் அவர்களே, ஆற்றலிலும் அமைதியிலும் மூத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நம் ஊர் மீட்பு ஹெலிகாப்டருக்கு வாங்கவிருக்கும் தள்ளு சக்கரங்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கும் என்று சற்றுமுன் ஒருமனதாக முடிவாகியிருக்கிறது. நீலம் கேட்ட உறுப்பினரும் பொதுநலன் கருதி விட்டுக்கொடுத்தார். நாம் எழுந்து நின்று கைதட்டினோம். நிற்க வேண்டிய முடிவுதான். தாமதமாக நின்றோம், அவ்வளவே.

நம் ஹெலிகாப்டருக்குக் குழாய்க் கால்கள் உண்டு, சக்கரம் கிடையாது. கொட்டகையிலிருந்து அதை வெளியே கொண்டுவர இரண்டு வழிகள். காலில் சக்கரம் மாட்டி நாலு பேர் தள்ளலாம். அல்லது பேட்டரியில் ஓடும் அகலமான தளத்தின்மேல் நிறுத்தி, தளத்தையே ஓட்டி வரலாம். எதை வாங்குவது? இந்தக் கேள்வி முதன்முதலில் எழுந்த நாளை நினைத்துப் பாருங்கள்.

விமானி அம்மையார் தளம் கேட்டார். நேராக அதன்மேலேயே இறங்கலாம். மெக்கானிக்கும் தளம் கேட்டார், அவருக்கு முதுகுவலி. தலைவர், பார்வைக்குக் கொண்டுவந்திருந்த தளத்தைச் சுற்றி வந்தார், மேலே ஏறினார், தொண்டையைச் செருமினார்.

"ஏம்ப்பா, இதுல மைக் வைக்க இடம் இருக்கே!"

அங்கே முடிவானது. அன்றும் கைதட்டினோம். ஹெலிகாப்டர் எங்கே நிற்கும் என்று கேட்டோமா? நம்மில் யார் கேட்டோம்? என்ன? பின்வரிசை ஐயா, "நான் கைதட்டலை" என்கிறீர்களா? உண்மை. அன்று நீங்கள் வரவில்லை.

விருது விழா வந்தது. மேடைக்காகத் தளத்தைக் காலி செய்ய, கிரேன் வைத்து ஹெலிகாப்டரைத் தூக்கிக் கொட்டகைத் தரையில் இறக்கினார்கள். தளம் திடலுக்கு வந்தது. பூ ஏறியது, விளக்கு ஏறியது, தலைவர் ஏறினார். அவர் பேச்சு சூடுபிடித்த வேளையில் செய்தி வந்தது: மலைமேல் மின்கம்பம் சாய்ந்து, ஒரு லைன்மேனின் கால் அடியில் சிக்கிவிட்டது.

விமானி ஓடிவந்தார். "அண்ணே, கீழ இறங்குங்க! தளம் வேணும்!"

"இரும்மா, இன்னும் ரெண்டே விருதுதான்."

"தளம் மட்டும் வந்து என்ன பண்றது?" என்றார் மெக்கானிக். "தூக்கி வைக்க கிரேன் வேணும். கிரேன்காரர் சாப்பிடப் போயிட்டாரு."

"போன் போடுங்க!"

"போட்டாச்சும்மா. போன் கிரேனுக்குள்ள அடிக்குது."

"அப்ப அவர் வர்றதுக்குள்ள வாழ்த்துரையை முடிச்சிடலாமே," என்றார் தலைவர்.

கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தார். "எந்த லைன்மேன்? எங்க வீட்டுக்காரர் காலையில மலைக்குத்தான் போனாரு." மைக் மட்டும் கொஞ்சம் ஊளையிட்டது.

ஆண்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். "வாலைப் பிடிச்சுத் தள்ளாதீங்கய்யா, உடைஞ்சிடும்!" என்று மெக்கானிக் அலறினார். உடையவில்லை, நகரவும் இல்லை. பறக்க விசிறி இருந்தது, எரிய எண்ணெய் இருந்தது, ஓட்டத் துணிச்சல் இருந்தது. மலையைத் தாண்டவல்ல அந்த இயந்திரத்துக்குக் கொட்டகை வாசலைத் தாண்ட வழி இல்லாமல் போயிற்று. லைன்மேனை ஜீப்பில் வைத்து, மலைப்பாதையில் வளைவு வளைவாக, நேரம் ஓட ஓட இறக்கினார்கள்.

அன்பர்களே! ஒரு பொருளை வாங்குமுன் அதன்மேல் ஏறி நின்று பார்க்காதீர்கள். அதற்காகக் காத்திருக்கப்போகிறவரின் இடத்தில் நின்று பாருங்கள். அங்கிருந்து மைக் தெரியாது, மேடை தெரியாது, மாலை தெரியாது. வானம் மட்டும் தெரியும். அதில் ஏதாவது வருகிறதா என்பது மட்டும் தெரியும்!

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், இந்த முறை விரைவில் மைக்கைத் தந்த தலைவருக்கும் நன்றி. வணக்கம்.

லைன்மேன் ஏன் வரவில்லை என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மின்சார அலுவலகத்தில் இப்போது புகார் போனை எடுப்பவர் அவர்தான். இன்று அவருக்கு மாலை ஷிப்ட்.