முதல் பேணி மோர்

எங்கள் வீட்டில் யாரும் நின்றுகொண்டு தண்ணீர் குடிப்பதில்லை. உட்கார்ந்து, பேணியை உதட்டில் படாமல் உயர்த்தி, சத்தம் வராமல் குடிப்போம். குடித்து முடித்த பிறகு முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. கசந்தாலும் புளித்தாலும் கொடுத்தவர் மனம் நோகக்கூடாது என்பது என் தகப்பனார் வைத்த ஒழுங்கு. நேற்று உங்கள் நிலையத்தில் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்த பொலிஸ்காரர், நான் குடிப்பதற்குக் கதிரை கேட்டதைப் பார்த்துச் சிரித்தார். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுவதாகச் சொன்னீர்கள். அது தேவையில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன் நான். என் வாக்குமூலத்தை நானே எழுதுவேன். பெயர் வேலாயுதர் இராசதுரை. வயது எழுபத்தாறு. புத்தி தெளிவாக இருக்கிறது.

எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா பத்து நாள் நடக்கும். நல்ல வெய்யில் காலம். கோயில் வாசலுக்கு நேரே, வேப்பமரத்தின் கீழ் மோர்ப்பந்தல் போடுவது எங்கள் குடும்பத்தின் உபயம். என் பாட்டனார் தொடங்கியதை என் தகப்பனார் பேரோடு நடத்தினார். அந்தக் காலத்தில் நான்கு செப்பு அண்டாக்கள் இருந்தன. சுனாமி மூன்றைக் கொண்டுபோனது. நான்காவது நசுங்கிய நிலையில் பனங்காணிக்குள் கிடந்தது. அதன் பிறகு நாங்களும் நீலப் பிளாஸ்டிக் பரலுக்கு மாறினோம். எந்த வீட்டில் அது இல்லை? கிணற்றடியிலும் குசினி வாசலிலும் கல்யாண வீட்டிலும் அதுதான். எங்களுடைய இரண்டு பரல்களும் பழப்பாகு வந்தவை. அவற்றில் ஒரு பிழையும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சென்ற வருடம் ஆறாம் திருவிழாவன்று மோர் மதியத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது. சனம் வெறும் பேணியோடு நின்றது. சாத்துப்படி உபயகாரர் கந்தவனம் கோயில் சபையில் எழுந்து, "இராசதுரை அண்ணைக்கு வயசு போட்டுது. அடுத்த வருசம் பந்தலை நாங்கள் பொறுப்பெடுக்கிறம். பேர் வேணுமெண்டால் அவற்ற பேரிலயே கிடக்கட்டும்" என்றார்.

பேர் கிடக்கட்டும் என்றார். கவனிப்பாரில்லாத சாமானைச் சொல்வதுபோல.

"அடுத்த வருசம் மூண்டு பரல் வைப்பன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

என் மருமகள் யசோதராவைப் பற்றியும் எழுத வேண்டும். என் மகன் டிலக்சனின் மனைவி. தாய்மார் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர். ஊரே அவளை மிஸ் என்றுதான் கூப்பிடும். பிளாஸ்டிக் விஷயத்தில் அவள் கடும் கண்டிப்பு. கடையில் பருப்பைக் கொதிக்கக் கொதிக்கப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச் சீட்டில் சுடுசோறு போட விடமாட்டாள். ஐஸ்கிறீம் பெட்டியில் ஊறுகாய் போட்டு வைத்திருந்த என் மனைவி கமலேஸ்வரியிடம் ஒருநாள், "மாமி, புளிப்பும் உப்பும் சூடும் பட்டால் பிளாஸ்டிக்கில கிடக்கிறதெல்லாம் சாப்பாட்டுக்குள்ள இறங்கும்" என்றாள்.

"அப்பிடியெண்டால் நான் எப்பவோ பிளாஸ்டிக் பொம்மையாகியிருக்க வேணும் பிள்ளை" என்றாள் கமலேஸ்வரி.

எல்லோரும் சிரித்தோம். யசோதராவும் சிரித்தாள். மறுநாள் ஊறுகாய் கண்ணாடிப் போத்தலுக்கு மாறியிருந்தது. அவள் அப்படித்தான். தன் மகள் அபிஷனாவுக்கும் ஒரு ஸ்டீல் போத்தல் வாங்கிக் கொடுத்திருந்தாள். பிள்ளைக்கு ஆறு வயது. போகிற இடமெல்லாம் அந்தப் போத்தல் தோளில் தொங்கும்.

மூன்றாவது பரலைப் பாலையூற்றில் பழைய சாமான் சேர்க்கும் ஒருவரிடம் எடுத்தேன். தடித்த பரல், இறுக்கமான மூடி. பக்கத்தில் லேபல் ஒட்டியிருந்தது. விற்றவருக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. எனக்கு அப்படியல்ல. அந்தப் பெயர் எழுதிய சாமானைக் களஞ்சியத்தில் தனி அறையில் வைப்போம். கையுறை இல்லாமல் யாரையும் தொட விடமாட்டோம். அந்த அறையின் திறப்பு பல வருடம் என் இடுப்பில் இருந்தது.

லேபலை ஈரத்துணியால் ஊறவைத்து முழுதாக உரித்தெடுத்தேன். எறியவில்லை. களஞ்சியத்தில் வேலை செய்தவன் லேபலை எறியமாட்டான். நான்காக மடித்து, சட்டைப் பையில் அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தேன். பரலுக்குள் மண் போட்டுத் தேய்த்தேன். பழப்புளி போட்டுத் தேய்த்தேன். ஒன்பது நாள் வெய்யிலில் கவிழ்த்து வைத்தேன். மணம் கிட்டத்தட்டப் போய்விட்டது. லேபல் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு பசை அடையாளம் மட்டும் போகவில்லை. அதன் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் என் தகப்பனாரின் பெயரை எழுதினேன்.

யசோதரா வேலைக்குப் போகும் வழியில் முற்றத்தில் நின்று அதைப் பார்த்தாள். குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தாள்.

"மாமா, இது எங்க எடுத்தது?"

"எடுக்கிற இடத்தில."

"அடியில கோப்பையும் முள்ளுக்கரண்டியும் போட்ட அடையாளம் இல்லை. சாப்பாட்டுச் சாமானுக்கெண்டு செய்த பரல் இல்லை இது. முந்தி இதுக்க என்ன கிடந்தது?"

"தண்ணி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஒரு ஸ்டீல் டாங்கி எடுத்துத் தாறன் மாமா. உங்கட பேரிலயே நிக்கட்டும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றாள்.

"வேலாயுதற்ற பந்தலுக்கு மருமகளின்ர டாங்கி வேண்டாம்."

அவள் மேலே எதுவும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நல்ல மரியாதை உள்ள பிள்ளை என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இந்த வருடத் திருவிழாவில் முதல் இரண்டு நாளும் மோர் குறையவில்லை. கிளினிக் வேலையால் யசோதரா பகலில் வர முடியாது. அபிஷனா என்னோடு பந்தலில் இருந்தாள். தாகம் வந்தால் தன் போத்தலைத் திறந்து குடிப்பாள். இரண்டாம் நாள் கந்தவனம் அதைக் கண்டுவிட்டார்.

"என்ன அண்ணை, ஊருக்கெல்லாம் மோர், உங்கட பேத்திக்கு மட்டும் வீட்டுத் தண்ணியோ? மிஸ்ஸுக்கு என்னவோ தெரிஞ்சிருக்கு போல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலையில் பந்தலின் முன்னால் ஒரு கதிரை போட்டு அபிஷனாவை உட்கார வைத்தேன். முதல் பேணி மோரை அவளுக்குக் கொடுத்தேன். மூன்றாவது பரலிலிருந்துதான் வார்த்தேன். பெயர் எழுதிய பரல் அதுதான். முந்தின நாள் மிஞ்சிய மோரை நாங்கள் வெளியே ஊற்றுவதில்லை. அதன் மேலேயே புது மோரைச் சேர்ப்போம். புளித்தால்தான் மோர் என்பார் தகப்பனார்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "அப்பப்பா, பெயின்ற் மணக்குது" என்று முகத்தைச் சுளித்தாள்.

அவள் காதருகே குனிந்து, "எங்கட வீட்டுப் பிள்ளையள் முகம் சுளிக்காயினம்" என்றேன்.

நான்காம் நாள் கண்ணை மட்டும் மூடினாள். ஐந்தாம் நாள் அதுவும் இல்லை. பேணியை உயர்த்தி அண்ணாந்து குடித்துவிட்டு, கந்தவனத்தைப் பார்த்து, "பாருங்கோ, எனக்கு ஒண்டுமில்லை" என்று சொன்னாள். சனம் கைதட்டியது. அவளுக்கு அது பிடித்திருந்தது. அதன்பிறகு ஸ்டீல் போத்தலின் தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, அதற்குள்ளும் மோரை நிரப்பிக் கொடுத்தேன். மாலையில் கோயில் கிணற்றடியில் நானே அதைக் கழுவி வைப்பேன். "அம்மாட்ட சொல்லவேண்டாம், இது எங்கட ரெண்டு பேரின்ர கதை" என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லத் தேவை வரவில்லை.

நான் குடித்தேனா என்று நேற்றுக் கேட்டீர்கள். இல்லை. திருவிழாப் பத்து நாளும் எனக்கு விரதம். ஒரு இளநீர், ஒரு பழம். இது நாற்பது வருட வழக்கம். ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

எட்டாம் நாள் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இரத்தினேஸ்வரி பந்தலடியில் வாந்தி எடுத்தாள். வெய்யில் என்றார்கள். நானும் வெய்யில் என்றுதான் சொன்னேன்.

தீர்த்தம் முடிந்த மறுநாள் அபிஷனா எழும்பவில்லை. வாந்தி. முகம் வீங்கியிருந்தது. சிறுநீர் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் டொக்டர் ஒருவர் வார்டுக்கு வெளியே வந்து எங்களிடம் கேட்டார்.

"பிள்ளை என்ன குடிச்சது? மண்ணெண்ணெய், பூச்சி மருந்து, ஏதாவது? யோசிச்சுச் சொல்லுங்கோ. பேர் தெரிஞ்சால் நாங்கள் செய்யிற வைத்தியம் வேற."

"என்ர போத்தல் தண்ணி மட்டும்தான் டொக்டர்" என்றாள் யசோதரா. "நான்தான் கொதிக்கவைச்சு ஆறவிட்டு நிரப்பிக் குடுத்தனான். வேற ஒண்டும் இல்லை." சத்தியம் செய்வதுபோலச் சொன்னாள்.

டொக்டர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, பகலில நீங்கள்தானே பாத்தது?"

"ஓம்" என்றேன். "வீட்டுத் தண்ணிதான்."

லேபல் என் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சாமானின் பெயர், அது பட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு, எல்லாம் அதில் அச்சடித்திருந்தது. நான் அன்று காலை சட்டை மாற்றியபோது அதையும் மாற்றி வைத்துக்கொண்டுதான் வந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு டொக்டர் கட்டிலருகே போய்ப் பிள்ளையிடமே கேட்டார். "கோயிலில என்னம்மா குடிச்சனீங்கள்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை. கண்ணைக் காட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"தண்ணி" என்றாள்.

அந்த நேரம் என் மனதில் இருந்தது இதுதான்: டொக்டர்மார் படித்தவர்கள். பெயர் தெரியாமலே கண்டுபிடிப்பார்கள். பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடும், பரலும் வெளியே வராது. நான்கு நாள் அப்படி நினைத்தேன். ஒவ்வொரு நாளும் அதை நினைப்பதற்குக் காரணம் இருந்தது. முதல் நாள் கொஞ்சம் தெளிந்தாள். இரண்டாம் நாள் இரத்தம் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் நாள் டிலக்சனோடு கதைத்தாள். நான்காம் நாள் மதியம் எல்லாம் முடிந்துவிட்டது.

இரத்தத்தில் ஏதோ நஞ்சு இருந்தது, எது என்று சொல்ல ஏலாது என்று எழுதினார்கள். ஊர் அதை வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கியது. அந்த இரும்புப் போத்தலில் என்னவோ என்றார்கள். மிஸ் கொடுத்த விற்றமின் பாணி மருந்து என்றார்கள். செத்த வீட்டுக்கு வந்தவர்களே குசினியில் போத்தலை எடுத்து மணந்து பார்த்தார்கள்.

யசோதரா இப்போது வேலைக்குப் போவதில்லை. காலையில் அந்தப் போத்தலைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீர் நிரப்பி, யன்னலில் வைக்கிறாள். மாலையில் ஊற்றிவிட்டு மறுபடியும் கழுவுகிறாள். ஒருநாள் கையில் போத்தலோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நான் இதைச் சரியாக் கழுவேல்லையோ?"

"தெரியாது பிள்ளை" என்றேன்.

அதற்குப் பிறகு எதைக் குடித்தாலும் எனக்குப் பெயின்ற் மணக்கிறது. இளநீரிலும் மணக்கிறது. கோயில் தீர்த்தத்திலும் மணக்கிறது. நேற்று நீங்கள் தந்த தேத்தண்ணீரிலும் மணந்தது. நான் முகம் சுளிக்கவில்லை, நீங்கள் கவனித்திருப்பீர்கள். பந்தலைக் கழற்றிவிட்டோம். ஆனால் அந்தக் கதிரையை முற்றத்தில் எங்கே போட்டாலும் அது பரலைப் பார்த்தபடி இருப்பதுபோலத் தெரிகிறது. கமலேஸ்வரியிடம் கேட்டேன். தான் அதைத் தொடவில்லை என்றாள். பரலில் வெள்ளைப் பெயின்ற் உரியத் தொடங்கிவிட்டது. தகப்பனாரின் பெயர் எழுத்தெழுத்தாகப் போகிறது. அடியில் அந்தச் சதுரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

இவ்வளவு நாள் சொல்லாதவர் இப்போது ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டீர்கள். சென்ற கிழமை உங்கள் ஆட்கள் என் மருமகளை விசாரிக்க வந்தார்கள். அடுத்த நாள் தேத்தண்ணீர்க் கடையில் கந்தவனம், "வேலாயுதர் வீட்டு மருமகள் பிள்ளையைப் பாக்கத் தெரியாதவள்" என்று சொன்னாராம். எங்கள் வீட்டு மருமகளைப் பற்றி ஊர் அப்படிக் கதைப்பதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். அவளிடம் ஒரு குற்றமும் இல்லை. போத்தல் சுத்தமானது. தண்ணீர் சுத்தமானது. பரலில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். கேட்டபோது தெரிந்துதான் மறைத்தேன். பிள்ளையைக் கொன்றது நான்.

லேபலை இத்துடன் இணைத்திருக்கிறேன். மடிப்பில் சிறிது கிழிந்திருக்கிறது. மற்றபடி முழுமையாக உள்ளது.

ஒரு வேண்டுகோள். அறிக்கையில் பரல் என்று மட்டும் எழுதினால் போதும். அதில் எழுதியிருந்த பெயரைச் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னொன்றை மட்டும் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலையில் நாக்கு வறண்டிருக்கிறது என்று அவளுக்குக் கரண்டியால் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். படுத்தபடியே கொடுக்கலாம் என்றாள் தாதி. அபிஷனா விடவில்லை. டிலக்சன் முதுகைத் தாங்கிப் பிடிக்க, எழும்பி உட்கார்ந்தாள். நான்தான் கரண்டியைப் பிடித்தேன். தொண்டை முழுதும் புண். விழுங்கினாள். சத்தம் வரவில்லை, முகம் சுளிக்கவில்லை. விழுங்கிவிட்டு, சரியா என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

கந்தவனம் வீட்டில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்திருக்க மாட்டார்கள்.