தாமதத் திருத்தம்

காய்ச்சல் பார்க்கும் கருவியை அக்குளில் வைத்ததும் எடுத்துவிடக்கூடாது, சேர். என் மனைவி ஜெஸ்லா எப்போதும் அவசரப்பட்டு எடுத்துவிடுவாள். கருவிக்கும் சூடேற நேரம் வேண்டும். அதுவரை அது காட்டுவது பொய்.

ரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தின் பின்சரிவில் நான் புதைத்த கருவியும் அப்படித்தான். மண்ணுக்குள் ஊறும் நீரின் அழுத்தத்தை அளக்கும். ஆனால் மெதுவாகத்தான் சொல்லும். அது சொல்லி முடிப்பதற்குள் மலை கீழே வந்துவிடலாம். அதனால் கணினியில் ஒரு டிஜிட்டல் பில்டர், அதாவது வரும் அளவுகளை வடிகட்டித் திருத்தும் நிரல், எழுதினேன். அளவு ஏறும் வேகத்தைப் பார்த்து, உண்மை அளவு என்னவென்று அது அப்போதே கணித்துவிடும். எல்லை தாண்டினால் கோயில் பக்கத்துக் கம்பத்தில் சைரன் ஊதும்.

வேகத்தைப் பெருக்கும் பில்டர், திரையில் ஓடும் அளவுக் கோட்டின் வீண் நடுக்கத்தையும் பெருக்கும். மின்னல் வெட்டினாலும் சைரன் ஊதியது. சனங்கள் நனைந்தபடி கோயிலுக்கு ஓடினார்கள். பாப்பம்மா, நடக்கமுடியாத தன் புருஷன் இராமசாமியை முதுகில் சுமந்து ஓடினாள். மலை அசையவில்லை. திரும்ப ஊதியது, திரும்ப ஓடினாள்.

நான் போனபோது வழிமறித்தாள். “தம்பி, மலையும் வரல, ஒண்ணும் வரல. இவர தூக்கித் தூக்கி என் இடுப்பு விட்டுப்போச்சு. அந்தச் சனியன நிப்பாட்டிட்டுப் போங்க.”

“சரி பண்ணித் தாறேன்மா” என்றேன்.

இன்னொரு கருவியைப் பக்கத்தில் புதைத்து ஒப்பிட்டிருக்கலாம். அதற்கு, என் பில்டரில் பிழை என்று மேலிடத்தில் சொல்லவேண்டும். ஆகவே அந்தத் தாமதத் திருத்தத்தை எடுத்துவிட்டு, அளவுக் கோட்டை வழுவழுப்பாக்கும் வேறொன்றைப் போட்டேன். நடுக்கம் போனது. தாமதம் முன்னைவிடக் கூடியது. அதை யாருக்கும் சொல்லவில்லை. பாப்பம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். “இப்பதான் தம்பி நிம்மதியா இருக்கோம்” என்றாள்.

அந்த மழை நாளில் நான் மாத்தளை அலுவலகத்தில் இருந்தேன். பழைய பில்டர் என் திரையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கோடு எல்லையைத் தாண்டியது. நடுக்கமில்லை, இறங்காமல் ஏறியது. சைரனுக்குப் போகும் கோடு கீழேயே ஊர்ந்தது. தோட்டத்துக் கங்காணியின் நம்பர் என் போனில் இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தேன். சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால் மறுபடியும் ஏசுவார்கள். நடந்துவிட்டால், திருத்தத்தை ஏன் எடுத்தாய் என்பார்கள். நான் என்ன செய்ய, சேர்? மற்றக் கோடும் ஏறட்டும் என்று காத்திருந்தேன்.

ஏறியது. சைரன் ஊதியது. அப்போது லயம் மண்ணுக்கடியில் இருந்தது.

பாப்பம்மாவைத் தோண்டி எடுத்தபோது இராமசாமி அவள் முதுகில் இருந்தாராம். சைரன் இல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதையும் உங்கள் விசாரணையில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீதிச் சரிவுக்கு ஒரு கருவி வேண்டும், சேர். பழைய பில்டரையே போட்டுவிடலாம். அது எத்தனை முறை ஊதினாலும், முறையிட அங்கே இப்போது ஆளில்லை.