மணலுக்குச் சொன்னது

“பனியில ஓட்டவும் டயர்ல காத்தை எறக்கிட்டாப் போதும்ல, மாப்ள?”

அல் குசைஸ் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் போனும் கையுமாக இருந்தவர் கேட்டார். அவர் பக்கத்தில் இருந்தவர் டயர் கடைச் சட்டை போட்டிருந்தார்.

“இந்தப் பாலைவனத்துல எவன்டா பனியில ஓட்டுறான்?”

“என் தம்பிதான். யான்புல வீட்டு டிரைவரு. தபூக் மலையில பனி கொட்டிக் கெடக்குதாம், அவனை வேலைக்கு வச்சிருக்க கபீல் குடும்பமே பாக்கக் கெளம்பிருச்சு. பெரிய வண்டி, சின்னப் புள்ளைங்க வேற. வேற டயர் மாட்டணுமான்னு நேத்து கேட்டான். மணல்ல ஓடுற டயரே போதும், மேல போனதும் காத்தை எறக்கிக்கடான்னு சொல்லிட்டேன்.”

டயர் கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஐயையோ. மணல்ல அது சரி மாப்ள. அங்க ரோடே ஐஸா உறைஞ்சு கெடக்கும். குளிர்ல நம்ம டயர் கல்லு மாதிரி இறுகிரும். பனிக்குன்னு மெத்து ரப்பர்ல தனி டயரே இருக்கு. காத்தும் இல்லாம எறக்கத்து வளைவுல திருப்புனா வண்டி பேச்சுக் கேக்காது. மொதல்ல அவனை நிப்பாட்டச் சொல்லு.”

அண்ணன்காரர் தம்பியை அழைத்தார். மறுபடியும் அழைத்தார்.

“போக மாட்டேங்குது மாப்ள. டவர் இல்ல போல.”

போன் ஒருமுறை அதிர்ந்தது. நடுவில் கொஞ்சம் டவர் கிடைத்திருக்க வேண்டும்; தம்பியின் வாய்ஸ் மெசேஜ். குழந்தைகளின் சிரிப்புக்கு நடுவே அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“அண்ணே, நீ சொன்ன மாதிரியே காத்தை எறக்கிட்டேன். ஏத்தத்துல ஜம்முனு ஏறிருச்சு. இனிமே எறக்கந்தான்.”