மாலி நாடும் ஒரு முழ வரப்பும்

எண்பத்தாறில் ஒரு காலை, தவளக்குப்பத்திலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு விவசாயியும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று அந்த அம்மா பக்கம் திரும்பினார்.

“ஆப்பிரிக்காவுல மாலின்னு ஒரு நாடு, பக்கத்துல புர்கினா ஃபாசோன்னு ஒண்ணு. எல்லைக்காக குண்டெல்லாம் போட்டு அடிச்சிக்கினாங்க. இப்ப ராசியாயி, தூதர அனுப்பிக்கிறாங்களாம். மனுஷன்னா அப்பிடி இருக்கணும்.”

“ஒரு முழ வரப்புக்காக மூணு வருஷமா தம்பிகிட்ட பேசாத ஆளு பேசற பேச்சப் பாரு. நாளைக்கு அவரு பொண்ணுக்குக் கல்யாணம்.”

“கல்யாணப் பத்திரிகைய என் கையில குடுக்கலையே. எப்பிடிப் போறது?”

“புருஷனும் பொண்டாட்டியுமா தாம்பாளத்தோட வூடு தேடி வந்தாங்க. நீதான் தோட்டத்து வழியா ஓடிப்போயி வைக்கப்போருக்குப் பின்னால குந்திக்கினே.”

“அவன் கொஞ்சம் இருந்து பாத்திருக்கலாம்.”

“ஒரு மணி நேரம் குந்தியிருந்தாரு. நீ வந்தியா?”

அவர் மறுபடி பேப்பருக்குள் தலையை விட்டார்.

“அந்த ரெண்டு நாட்டுல யாரு மொதல்ல ஆள அனுப்சான்னு அதுல போட்டுருக்கா?”

அவர் நிதானமாகத் தேடினார். “போடல.”

“போடமாட்டான். அத எவன் கேக்கறான்?”

அந்த அம்மா பையிலிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து அவர் கையில் வைத்து அழுத்தினார். “இந்தா, கையில குடுத்தாச்சி. படி.”

“கண்ணாடிய வூட்லியே வெச்சிட்டு வந்துட்டேனே” என்றார் அவர்.