சாப்பாட்டில் சேராத புளியோதரை

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் அறுபதைத் தாண்டிய ஒரு தம்பதி, கணவர் மடியில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவர்.

"எக்கோ எடுத்து, எக்ஸ்ரே எடுத்து, ரத்தம் எடுத்து, கடைசில பாத்தா எல்லாம் புளியோதரை!" என்றார் அந்த அம்மாள். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

"மெதுவாப் பேசேன். எனக்கு மூச்சு வாங்கறது."

"வாங்காம என்ன பண்ணும்? ஹார்ட் வீக்கா இருக்கறவா உப்பு சாப்பிட்டா உடம்புல தண்ணி சேரும், அதான் இரைக்கறதுன்னு டாக்டர் சொன்னாரே. காலைப் பாருங்கோ, செருப்பே நுழையல. போன தடவை உப்பு சாப்பிடறீங்களான்னு கேட்டப்போ நீங்க என்ன சொன்னேள்?"

"இல்லேன்னேன். ஆத்துல நீதான் உப்பே போடறதில்லையே."

"தினம் சாயங்காலம் கோயில் ஸ்டால்ல வாங்கிச் சாப்பிடற புளியோதரை?"

"அது பிரசாதம்டி. அதைப் போய் சாப்பாட்டுக் கணக்குல சொல்லுவாளா?"

"உங்க ஹார்ட் கணக்குல வச்சுண்டுடுத்தே!"

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. அந்த அம்மாள் மறுபடி ஆரம்பித்தார்.

"கும்பகோணத்துப் பக்கம் ஒரு பெருமாள், உப்பே இல்லாமத்தான் அமுது செய்யறார். பிரசாதம்தான் வேணும்னா இனிமே அங்க போய்ச் சேவிங்கோ."

தூரத்தில் ராஜகோபுரம் தெரிந்ததும் அவர் கைகூப்பினார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, இரைக்க இரைக்கக் கேட்டார்.

"அந்தப் பெருமாளுக்கு உப்பு கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னாராம்?"